உன் அப்பாவின் தண்ணீர் மாத்திரை

அன்பு மகள் பொடிசுக்கு அம்மா எழுதுவது. தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதில் இன்னும் என்ன பொடிசு என்று சலித்துக்கொள்வாய், பெற்றவளுக்கு நீ எந்த வயதிலும் பொடிசுதான். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் ஒரு நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, இந்தத் தடவை அதில் பாதிதான் எழுத முடியும், நான் நலம். பேத்தி தண்ணீரில் தலையை முக்கி நீந்துகிற படம் வந்து சேர்ந்தது. பயமே இல்லாமல் என்னமாய்ப் போகிறாள், நம் வம்சத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கின முதல் ஆள் அவள்தான். அதை நான் காட்டாத ஆள் பாக்கியில்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் நேற்று மறுபடியும் போனை நீட்டினேன், "அக்கா, அந்தப் புள்ளை நேத்தே முங்கி எந்திரிச்சு தலையும் தொவட்டியாச்சு, இன்னிக்கு வேற ஏதாவது காட்டுங்க" என்றாள். சொல்லட்டும், பொறாமை.

வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் மணி அடித்தால் உன் அப்பா எங்கே இருந்தாலும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், ஸ்பீக்கரில் போடு என்கிறார், நான் வாயைத் திறந்தால் கண்ணை உருட்டுகிறார். குளியலறையில் சோப்பு வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அவர் உன்னிடம் சொன்னதும், நீ தரையில் போட ரப்பர் பாய் வாங்கச் சொன்னதும், நானும் சரி என்று தலையாட்டியதும் அப்படித்தான். சோப்பு வழுக்கவில்லை பொடிசு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பதறாமல் கடைசி வரை படி, நடுவில் நிறுத்திவிட்டு அவருக்குப் போன் போட்டுவிடாதே.

நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பின பிறகு வேலைக்குப் போக வேண்டாம் என்று நீயும் சொன்னாய் நானும் சொன்னேன், அவர் கேட்கவில்லை என்பது உனக்குத் தெரியும். "மக காசுல மாத்திரை வாங்கிக்கிறேன், சோறு வாங்கிக்க மாட்டேன்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் அவர் லிஃப்டில் உட்காருவதை நீ சின்ன வயதில் பார்த்ததுதான், இன்றும் அதே லிஃப்ட், அதே இரும்பு மடக்குக் கதவு, அதே கைப்பிடி, ஸ்டூல்தான் இரண்டு மூன்று மாறியிருக்கும். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று ஒரு வக்கீல் உள்ளே மாட்டிக்கொண்டு கத்தினாராம், அதனால் திரும்பி வந்தவரைக் கட்டடத்துச் செக்ரட்டரி வாங்க வாங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கிறார், "புது லிஃப்ட் வர்ற வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும், அது பட்டனை அமுக்கினா தானா போகும், ஆளே வேணாம்." அந்த வார்த்தை உன் அப்பா மனதில் முள்ளாய்த் தைத்துவிட்டது. தான் ஒரு நிமிஷம் ஸ்டூலில் இல்லை என்றாலும் பார் ஆளில்லாமலே ஓடுது என்று சொல்லிவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு பயம். வாய்விட்டு ஒத்துக்கொள்ள மாட்டார், நான் அறிவேன்.

இதற்கிடையே ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகளுக்கு மாத்திரை பற்றிச் சொல்லித்தருகிற வகுப்பு ஒன்று வைத்தார்கள். நோயாளியோ வீட்டு ஆளோ யாராவது வரலாம் என்றார்கள், அவர் லிஃப்டை விட்டு வரமாட்டார், நான் போனேன். ரத்தம் எடுக்கிற அறைக்குப் பக்கத்தில் ஒரு நீள அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஒரு மேசை, வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டு வந்து அந்த மேசையில் கொட்டச் சொன்னாள் ஒரு நர்ஸ். சின்னப் பெண், ஆனால் கெட்டிக்காரி. கொட்டினதைப் பார்க்க வேண்டுமே, சந்தைக்கடை தோற்றது. டாக்சி ஓட்டுகிற மீசைக்காரர் ஒருவர் பையில் அவர் மனைவியுடைய தைராய்டு மாத்திரையும் கலந்து கிடந்தது, அதையும் சேர்த்தே விழுங்கி வந்திருக்கிறார், "சின்னதா வெள்ளையா இருந்துச்சு, சின்னதுதானே என்ன பண்ணிடப் போவுதுன்னு நெனச்சேன்" என்றார், "நாலு நாளா உங்களுக்குப் படபடன்னு அடிக்குதுன்னீங்களே, அந்தச் சின்னதுதான் அடிக்குது" என்றாள் நர்ஸ். கணக்கு வாத்தியாரம்மா ஒருத்தி பிரஷர் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டாளாம், "நார்மல்னு நீங்கதானே சொன்னீங்க, நார்மலுக்கு எதுக்கு மாத்திரை" என்று சண்டைக்கே வந்தாள். நர்ஸ் கோபப்படவில்லை, "குடை புடிச்சதாலதான் நனையல, நனையலையேன்னு மழையில குடையை மடக்குவீங்களா டீச்சர்" என்று கேட்டாள், அறையே சிரித்தது, வாத்தியாரம்மாவும் சிரித்துவிட்டாள்.

அவள் சொல்லித்தருகிற விதம் எனக்குப் பிடித்துப்போயிற்று. புரிந்ததா என்று கேட்க மாட்டாள். புரிந்ததா என்றால் எல்லாரும் மாடு மாதிரி தலையாட்டுவோம் என்று அவளுக்குத் தெரியும். நான் சொன்னதை உங்கள் வீட்டு ஆளுக்குச் சொல்கிற மாதிரி எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள் என்பாள். அங்கேதான் ஒவ்வொருவர் சாயமும் வெளுக்கும். என் முறை வந்தபோது நான் எழுந்து நின்றே சொன்னேன். இந்த மாத்திரை ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, பல் பிடுங்கப் போனால்கூட இதைச் சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல்ல வேண்டும். இது இதயத்தின் பாரத்தைக் குறைக்க, எழுந்தால் தலை சுற்றலாம், அதனால் கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். இது தண்ணீர் மாத்திரை, பலம் குறைந்த இதயம் தள்ள முடியாமல் விட்ட நீர் காலிலும் நெஞ்சிலும் தேங்காமல் வெளியே அனுப்பும், அடிக்கடி சிறுநீர் போகும், அதுதான் அதன் வேலை, பயப்படக் கூடாது, ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது. நர்ஸ் கையைத் தட்டினாள். எத்தனையாவது வரை படிச்சீங்க பாட்டி என்றாள், அஞ்சாவது, வகுப்பில் முதல், பாட்டி என்று கூப்பிட எனக்கு ஒரே ஒருத்திதான் உண்டு, அவள் வெளிநாட்டில் நீந்திக்கொண்டிருக்கிறாள் என்றேன். அன்றிலிருந்து எனக்கு அங்கே டீச்சரம்மா என்று பேர்.

அதோடு விடவில்லை. உங்கள் பேச்சு அவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது, மருந்து வாங்குகிற வரிசையில் புதிதாய் வருகிறவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார முடியுமா என்று கேட்டாள், டாக்டரும் சரி என்றார். செவ்வாய்க்கிழமை தோறும் போய்விடுகிறேன். சீட்டில் இருப்பதை மாற்றிச் சொல்லமாட்டேன், தெரியாததை நர்ஸிடம் கேள் என்று அனுப்பிவிடுவேன், தெரிந்ததை வீட்டுப் பாஷையில் சொல்வேன். தண்ணீர் மாத்திரைக்கு என்ன உவமை சொல்கிறேன் தெரியுமா. இதயம் ஒரு பழைய லிஃப்ட், அளவுக்கு மேல் ஆள் ஏறினால் மோட்டார் முக்கும், கயிறு திணறும், மாத்திரைதான் லிஃப்ட்காரர், தினமும் அதிகப்படி ஆளைக் கையைப் பிடித்து இறக்கிவிடுகிறவர், அவர் ஒரு நாள் வராவிட்டால் கூட்டம் சேர்ந்துவிடும். உடனே புரிந்துகொள்கிறார்கள். மீசைக்காரர் தன் பங்குக்கு ஊரெல்லாம் சொல்லி இரண்டு டாக்சிக்காரர்களைக் கூட்டி வந்து, "இந்தம்மா சொன்னா மண்டையில ஏறும்டா" என்று என் முன்னால் உட்கார வைத்தார். எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னால், "என் லிஃப்டை வச்சு நீ பேர் வாங்குற, எனக்கு உப்பில்லாத சோறு" என்பார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று தட்டைத் தள்ளி வைப்பார், நான் திரும்பியதும் இழுத்துக்கொள்வார்.

அவர் மாத்திரை விஷயத்தில் எனக்கு ஒரு துளி சந்தேகம் கிடையாது பொடிசு. காலை மாத்திரைகளை வேலைக்குப் போய்ச் சேர்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போடுகிறேன் என்று அட்டைகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். போனால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை இருட்டுகிற நேரத்தில் அட்டையை வாங்கி எண்ணிப் பார்ப்பேன். ஒன்றுகூட மிஞ்சியிருக்காது, ஒன்றுகூடக் குறைந்திருக்காது. இந்தத் தெருவில் இப்படி ஒழுங்காய் மருந்து சாப்பிடுகிற ஆண்பிள்ளை உண்டா என்று தையல்காரம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மனிதர் காலையிலிருந்து பாத்ரூமும் கூடமுமாய் நடப்பார், கதவுத் தாழ்ப்பாளே தேய்ந்துவிடும் போல் இருக்கிறதே என்று கேலி செய்தால், "லீவு நாள்லதான் மனுஷன் நிம்மதியா போக முடியுது" என்பார், நானும் சிரித்துவிடுவேன். அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நடந்தார். சாயந்திரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன், பொத்தென்று சத்தம், ஓடிப் போய்ப் பார்த்தால் குளியலறை வாசலில் கிடக்கிறார், முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது, உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. தையல்காரம்மாவும் அவள் புருஷனும் வந்து தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் என் நர்ஸ்தான் இருந்தாள். தினமும் காலையில் போட்டீர்களா என்று கேட்டாள். "ஒண்ணு விடல, வேணும்னா டீச்சரம்மாவையே கேளுங்க, எண்ணிப் பாக்குறவங்க அவங்கதான்" என்று அந்த நிலையிலும் கிண்டல். நானும் நெஞ்சை நிமிர்த்தி ஒன்றுகூடத் தவறவில்லை என்றேன். அவள் விடாமல், சரி இன்றைக்குத் தண்ணீர் மாத்திரை எத்தனை போட்டீர்கள் என்று கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாய், "வாரத்துக்கானது மொத்தத்தையும்" என்றார். வேலை நாளில் போட்டால் கால் மணிக்கு ஒரு தடவை எழ வேண்டும், கழிப்பறை கீழே ஜெனரேட்டருக்குப் பின்னால், சாவி வாட்ச்மேனிடம், லிஃப்ட் வாசலில் ஆள் நின்றுகொண்டே இருக்கும். அதனால் தண்ணீர் மாத்திரையை மட்டும் ஒதுக்கி வைத்து ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஒவ்வொன்றாய்ப் போட்டு முடித்துவிடுவாராம். "லீவைச் சேத்து வச்சு எடுக்குறதில்லையா, அது மாதிரிதான், பாக்கி வைக்கிற பழக்கம் நமக்கு இல்ல" என்றார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வரிசையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சேர்த்துப் போடாதே சேர்த்துப் போடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன், சேர்த்துப் போட்டவர் என் வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் நல்ல மனிதர், திட்டவில்லை. இப்படி ஆறு நாள் தேக்கி ஒரு நாள் வற்றடித்ததில் சிறுநீரகமும் களைத்திருக்கிறது, இதயம் இன்னும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றார். முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரே மாத்திரைதானே, வீடு திரும்பினதும் போடுகிற மாதிரி நேரத்தை மாற்றிக் கொடுத்திருப்பேன், இப்போது ஒன்று போதாது, காலையில் ஒன்று மத்தியானம் ஒன்று, வேறு வழியில்லை என்றார். வேலையை விட்டுவிட்டால் நல்லது, முடியாது என்றால் வேலை இடத்தில் சொல்லி எழுந்து போக வழி செய்துகொள்ளுங்கள், நான் வேண்டுமானால் சீட்டு எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார். உன் அப்பா இரண்டுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம், சீட்டைக் கொண்டு போய்க் கொடுத்தால் நாளைக்கே பட்டன் லிஃப்ட் வந்துவிடும் என்றார். நான் போய்ச் செக்ரட்டரியிடம் பேசுகிறேன் என்றேன். "நீ அந்தக் கட்டடத்துப் படி ஏறினா நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது காலை மாத்திரையை விடிவதற்கு முன்பே எழுந்து என் கண் முன்னால் போடுகிறார், வேலைக்குக் கிளம்புவதற்குள் அதன் வேகம் அடங்கிவிடுகிறது, பேத்தி மாதிரி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கியும் காட்டுகிறார். மத்தியான மாத்திரையைச் சாப்பாட்டு டப்பா மூடியில் மடித்து வைத்து அனுப்புகிறேன். மூடி காலியாகத்தான் திரும்பி வருகிறது. காலி மூடியை வைத்துக்கொண்டு நான் என்ன தெரிந்துகொள்வது. மாத்திரை வயிற்றுக்குப் போயிற்றா குப்பைக்குப் போயிற்றா என்று மூடி சொல்லுமா. அதனால் சாயந்திரம் அவர் செய்தி பார்க்கும்போது பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கால் பிடித்துவிடுகிற மாதிரி கணுக்காலில் கட்டை விரலை அழுத்திப் பார்ப்பேன், நர்ஸ் சொல்லிக் கொடுத்தது. நீர் இல்லாத காலில் அழுத்தினால் சட்டென்று மேலே வந்துவிடும். அவர் காலில் என் விரல் பட்ட குழி அப்படியே நிற்கிறது. ஒரு தலையணை போதும் என்றிருந்தவர் இப்போது மூன்று வைத்துச் சாய்ந்தபடி தூங்குகிறார். கேட்டால் வெயிலுக்குக் கால் வீங்கும் என்கிறார், மழை பெய்தாலும் அதையேதான் சொல்கிறார். நானும் கத்திப் பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன், அழுதும் பார்த்தேன், எனக்கு அழுகை சரியாய் வராது உனக்குத் தெரியும். கொஞ்சம் தண்ணீர் குடி என்று சொம்பை நீட்டுகிறார், அவ்வளவுதான்.

போன புதன்கிழமை பொறுக்க முடியாமல் அவர் சொன்னதை மீறிக் கிளம்பிவிட்டேன். நல்ல புடவையாய்க் கட்டிக்கொண்டேன், செக்ரட்டரியிடம் நறுக்கென்று நாலு வார்த்தை பேசிவிடுவது என்றுதான் போனேன். லிஃப்ட் வாசலில் கூட்டம், நானும் அதில் நின்றேன். கதவு திறந்தது, உன் அப்பா என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. மற்றவர்களைக் கேட்கிற அதே குரலில், "நீங்க எந்த மாடிம்மா" என்றார். நான் மட்டும் குறைந்தவளா, "மேல் மாடிங்க" என்றேன். ஷூவின் பின்பக்கத்தை மடித்து மிதித்துச் செருப்பு மாதிரி போட்டிருந்தார், பாதம் உள்ளே போகவில்லை. மேல் மாடியில் கண் டாக்டர் இருக்கிறார், அதனால் வயதானவர்கள் நிறையப் பேர், ஒருவர் கையைப் பிடித்து ஏற்றினார், இன்னொருவர் கண்ணில் கட்டு, அவரிடம் "முன்னாடி ஒரு படி இருக்கு, காலைத் தூக்குங்க, ஆங், அவ்வளவுதான்" என்றார். ஒரு அம்மாள் என்னிடம் திரும்பி, இவர் இருக்கிற தைரியத்தில்தான் இந்த டப்பாவில் ஏறுகிறேன், இல்லாவிட்டால் டாக்டரையே மாற்றியிருப்பேன் என்றாள். அதைக் கேட்டதும் உன் அப்பா முதுகு எப்படி நிமிர்ந்தது என்கிறாய். வீட்டில் கட்டிலிலிருந்து எழ என் தோளைப் பிடிக்கிற ஆள் அது இல்லை, வேறு யாரோ. எல்லாரும் மேலே இறங்கினார்கள், நானும் இறங்கினேன். அவர் மடக்குக் கதவை இழுத்தார், கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைப் பார்த்தார், கீழே போய்விட்டார்.

செக்ரட்டரி அறை அந்த மாடியில்தான், கதவு திறந்திருந்தது, மனிதர் உள்ளே உட்கார்ந்து காகிதம் புரட்டுவதும் தெரிந்தது. நான் வாசல் வரை போய் நின்றேன். சொன்னால் ஸ்டூல் போகும், சொல்லாவிட்டால் ஆள் போவார். இரண்டில் எதை என் வாயால் தள்ளிவிடுவது. என்ன வேணும்மா என்று அவர் நிமிர்ந்து கேட்டார். கண் டாக்டர் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டேன் பொடிசு. வரிசையில் யார் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்கிற என் நாக்கு அந்த வாசலில் மரக்கட்டையாகிவிட்டது. லிஃப்டில் இறங்க மனம் வராமல் மாடி மாடியாய் நடந்தே இறங்கி வந்தேன்.

அன்று அவர் வீட்டுக்கு வருவாரோ மாட்டாரோ என்று வாசலிலேயே நின்றேன். வந்தார். சாப்பிட்டு முடித்ததும் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நான் வரிசையில வந்த புது ஆளும்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது, இந்தத் தண்ணி மாத்திரையைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க டீச்சரம்மா" என்றார். கேலி என்று நினைத்தேன், கண்ணில் கேலி இல்லை. நானும் அந்நிய மனிதருக்குச் சொல்கிற மாதிரியே நீங்க நாங்க என்று மரியாதையாய் எல்லாவற்றையும் சொன்னேன், லிஃப்ட் உவமையையும் விடவில்லை. திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். பொடிசு, வரிசையில் எவரும் அப்படித் திருப்பிச் சொன்னதில்லை. தினமும் கூட்டத்தை இறக்கிவிட வேண்டும், ஒரு நாள் விட்டால் காலில் தங்கும், பல நாள் விட்டால் நெஞ்சில் ஏறும், படுத்தால் மூச்சு முட்டும், பிறகு ஒரு நாள் மோட்டார் நின்றுவிடும், சேர்த்து இறக்கினால் லிஃப்டே தூக்கிப் போடும், என்னைப் போட்ட மாதிரி என்றார். ஒன்றும் தப்பில்லை, நர்ஸ் இருந்திருந்தால் கை தட்டியிருப்பாள். பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் நல்லாப் புரியுதும்மா. புரியாததுனாலயா போடாம இருக்கேன். அந்த ஸ்டூலை விட்டு எப்படி எந்திரிக்கிறதுன்னு உங்க வகுப்புல யாராவது சொல்லித் தந்தா அதையும் கேட்டுச் சொல்லுங்க" என்றார். எழுந்து போய்த் தலையணையை அடுக்கிக்கொண்டு சாய்ந்துவிட்டார். மறு செவ்வாய் அதை நர்ஸிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையைப் பார்க்கக் கூட்டிப் போனாள்.

இதையெல்லாம் எழுதுவது நீ அங்கே சோறு இறங்காமல் தவிப்பதற்கு இல்லை. உன்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், போனில் கெஞ்சினால் உனக்கும் சரி சரி என்பார், பிறகு என் முன்னால் போடுகிற காலை மாத்திரையும் நின்றுவிடும். அதனால் அவரிடம் எதுவும் கேட்காதே, வழக்கம்போல் பேத்தியைப் பேசவிடு, அவள் பேச்சு கேட்கும்போது மட்டும் அவருக்கு மூச்சு சீராய் வருகிறது. நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளை பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டதாய்ப் போன மாதம் பேச்சுவாக்கில் சொன்னாய், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினாரா என்று கேள், நிறுத்தியிருந்தால் குடைக் கதையை அவரிடம் சொல். அடுத்த வருஷம் லீவில் எல்லாரும் வருகிறோம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். அதை இந்த வருஷமாக்க முடியுமா என்று மாப்பிள்ளையைக் கேட்டுப் பார். நான் எதற்கும் உன்னிடம் கை நீட்டினதில்லை, இதற்கு நீட்டுகிறேன். டாக்டர் என்னிடம் தேதி எதுவும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை, அவர் காலில் என் விரல் அழுத்தின குழி மூட எடுக்கிற நேரத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

மூன்று பேரும் ஒருவருக்கொருவர் துணையாய், சிரிப்பு குறையாமல், நீண்ட ஆயுசோடு நன்றாய் இருக்க வேண்டும், என் பேத்தி இன்னும் ஆழமான தண்ணீரிலும் பயமில்லாமல் நீந்த வேண்டும். பதிலை இந்த வீட்டு முகவரிக்கு எழுதாதே, தபாலை அவர்தான் முதலில் பிரிப்பார், கீழ்வீட்டுத் தையல்காரம்மா பேருக்கு எழுது, அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீளமாய் எழுத நேரம் இல்லை என்றால் வேண்டாம், வருகிற தேதியை மட்டும் எழுது.

ஆசிகளுடன்,
உன்னைப் பெற்ற அம்மா